முதல் நாள் சோறு

மலைமேல் இருக்கும் அந்த விமானப்படை முகாமில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் ஆண்கள் இறங்குதளத்துக்கு ஓடுவார்கள். பெண்கள் துணி காயப்போட ஓடுவார்கள்.

குன்னூருக்கு மேலே, தேயிலை முடிந்து கற்பூர மரங்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது முகாம். பெரிய ஓடுபாதை, வரிசையாக நிற்கும் விமானங்கள் என்று எதுவும் கிடையாது. ஹெலிகாப்டர் இறங்க ஒரு தளம், எரிபொருள் கொட்டகை, வானிலை அறை, தகரக் கூரை போட்ட கேண்டீன், அதற்குப் பின்னால் சரிவில் மூன்று வரிசைக் குவார்ட்டர்ஸ். அவ்வளவுதான். மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்வீட்டுக் கதவுகூடத் தெரியாது. கொடியில் போட்ட துணி அப்படியே ஈரமாய்த் தொங்கி வாடை வீசும். கீழே சமவெளியிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பி வருகிறது என்றால் மலை திறந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பஞ்சாபிப் பெண், மலையாளிப் பெண், ஒடியாப் பெண் என்று எல்லாருமே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

மலை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் சார்ஜென்ட் வசந்தகுமாரின் வேலை. அதனால் அவர் மனைவி சசிரேகாவுக்கு விடிந்ததும் விசாரணை தொடங்கிவிடும்.

"சசியக்கா, இன்னிக்குப் போர்வை ஊற வைக்கலாமுங்களா? சாரைக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்பாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுஜாதா. அவள் திருப்பூர்ப் பக்கம்.

"அவரு பைலட்டுக்குத்தான் சொல்லுவாரு. எங்க ஊட்டுத் துணியே கொடியில நாறிக் கெடக்குது, போ."

சொல்லிவிட்டுப் போவாளே தவிர, உள்ளே போய்க் கணவனைக் கேட்டு வந்து சொல்லாமல் இருக்கமாட்டாள். சசிரேகா அப்படிப்பட்டவள். அந்த வரிசையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். புருஷன் வெளியிடத்துக்கு வேலையாய்ப் போய்விட்டால், எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது. அப்படித் தனியாய் நிற்கும் சின்னப் பெண்களுக்குத் துணைக்குப் படுத்துக்கொள்ளத் தலையணையோடு போவது சசிரேகாதான். காட்டெருமை வாசலை மறித்து நின்றால், அது நகரும்வரை பள்ளி வேனை நிறுத்தி வைப்பதும் அவள்தான்.

ஆனால் எல்லாவற்றையும்விட ஒரு காரியத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. புதிதாய் வரும் குடும்பத்துக்குச் சோறு கொண்டுபோவது.

விமானப்படைக் குடும்பங்களில் அது எழுதாத சட்டம். மாற்றலாகி ஒரு குடும்பம் வந்து இறங்கினால், அவர்களுடைய கறுப்புப் பெட்டிகள் பிரிக்கப்பட்டு, காஸ் இணைப்பு வந்து, அடுப்பு எரிகிறவரைக்கும் அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்தான் சாப்பாடு போடவேண்டும். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, இரவுக்கு ஒரு வீடு. யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. கதவு தட்டப்படும், பாத்திரம் நீளும்.

சசிரேகாவுக்கு அந்தப் பாத்திரம் முதலில் நீண்டது அஸ்ஸாமில். அப்போது அவள் கல்யாணமாகி வந்த புதுப்பெண். நெல்லியாளத்தில் எஸ்டேட் கிளார்க் மகளாய்ப் பிறந்து, கூடலூரைத் தாண்டிப் போயிராதவள். ஒரு வார்த்தை இந்தி தெரியாது. கணவர் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போய்விட்டார். மழை கொட்டுகிறது. இருட்டறையில் பெட்டியின்மேல் உட்கார்ந்து அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. முக்காடு போட்ட ஒரு பெண். கையில் ரொட்டியும் பருப்பும். அந்த அம்மாள் ஏதோ சொன்னாள். இவளுக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தொட்டு இவள் வாயருகே நீட்டினாள். அது புரிந்தது.

அந்த ஒரு வாய் ரொட்டியில் சசிரேகா விமானப்படைக்காரியாகிவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனை ஊர்கள். பாலைவன ஊர், பனி ஊர், கடலோர ஊர். ஒவ்வொன்றிலும் இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் ஓரிடத்தில் இருந்தால் அவளுக்கே கால் அரிக்கத் தொடங்கிவிடும். பெட்டிகளை இழுத்து இடம் மாற்றுவாள். கட்டிலைக் கிழக்கிலிருந்து தெற்கே திருப்புவாள். மாற்றல் உத்தரவு வந்துவிட்டதா என்று தினமும் கேட்டுக் கணவனைப் பிடுங்குவாள். தோட்டம் போட ஆசை உண்டு. ஆனால் கொத்துமல்லிக்கும் புதினாவுக்கும் மேல் எதையும் வைத்ததில்லை. அதையும் பெயிண்ட் டப்பாவில்தான் வைப்பாள். தூக்கிக்கொண்டு போகலாமே.

மகள் தாரிணிதான் இந்த ஓட்டத்தில் தேய்ந்தாள். இப்போது படிப்பது அவளுடைய ஏழாவது பள்ளிக்கூடம். சிநேகிதிகளின் பிறந்த நாளைக்கூட அவள் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, அடுத்த பிறந்த நாளுக்கு இருக்கப்போவதில்லையே. ஒருநாள் முகாம் வாசலில் பள்ளிவேனிலிருந்து இறங்கி வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, அப்பா ரிட்டயர் ஆயிட்டா நாம ஒரே ஊர்லதான இருப்போம்?"

"பின்ன? குன்னூர்லதான் ஊடு கட்டியாச்சே."

"ப்ளஸ் டூ இந்த ஸ்கூல்லயே முடிச்சிருவேன். சத்தியமா?"

"சத்தியமா, கண்ணு."

அம்மா நீட்டிய உள்ளங்கையில் தாரிணி ஓங்கி அடித்தாள். அடித்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

வசந்தகுமாரின் கடைசிப் பணியிடமாகச் சொந்த மலையே கிடைத்தது அதிர்ஷ்டம்தான். பிக்கட்டியில் அவர் அப்பா வைத்த மளிகைக்கடையை இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறார். அங்கிருந்த குடும்ப வீட்டில் இடம் போதாது என்றுதான் குன்னூர் கல்லுக்குழி வீதியில் கொஞ்சம் கொஞ்சமாய் ஒரு வீட்டை எழுப்பியிருந்தார்கள். இருபது வருஷச் சேவை முடிந்தது. மெஸ்ஸில் விருந்து வைத்தார்கள், மாலை போட்டார்கள். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் முன் சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளையெல்லாம் சசிரேகா வழக்கப்படி பற்பசையை அப்பி மறைத்தாள். பார்வையிட வந்தவரும் வழக்கப்படி அதைப் பார்த்தும் பாராதவர்போலப் போனார்.

சுஜாதா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றாள்.

"எதுக்குடி அழுகற? அரை மணி நேரம் பஸ். அஸ்ஸாமுக்கா போறேன்?"

"அஸ்ஸாமுக்குப் போனாக்கூட நம்ம ஆளுகளோடதான் இருப்பீங்க, அக்கா. இப்ப வெளில போறீங்க."

வெளியே. அந்த வார்த்தையை அப்போது சசிரேகா சரியாகக் காதில் வாங்கவில்லை.

பெட்டிகள் முதல்நாளே லாரியில் இறங்கிவிட்டன. நல்ல நேரம் பார்த்து, விடியும் முன்பே மூன்று பேரும் கல்லுக்குழி வீதிக்கு வந்தார்கள். சின்ன மின்னடுப்பை வைத்துப் பால் காய்ச்சினாள் சசிரேகா. பொங்கியதும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, மூன்று டம்ளரில் ஊற்றி மூவரும் குடித்தார்கள். ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான் செய்திருக்கிறாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்டிகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். சுஜாதா கட்டிக் கொடுத்த இட்லியில் காலைப்பாடு முடிந்தது.

"மத்தியானத்துக்கு ஓட்டல்ல சொல்லீட்டு வரட்டுமா?" என்றார் வசந்தகுமார். காஸ் மாற்றி வர இன்னும் சில நாளாகும்.

"வேண்டாமுங்க. பக்கத்துல எப்படியும் கொண்டு வருவாங்க. நாம வாங்கி வெச்சிருந்தா அவிய மனசு கோணிப்போயிரும்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். வசந்தகுமார் சிரிக்கவில்லை. அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருபது வருஷமாய் எந்த ஊரில் இறங்கினாலும் கதவு தட்டப்பட்டிருக்கிறது. சொந்த ஊரில், சொந்த பாஷை பேசுகிற வீதியில் தட்டாமல் போய்விடுமா?

உச்சிப்பொழுது ஆயிற்று. வீதியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. சசிரேகா எழுந்து புடவையை உதறிவிட்டுக்கொண்டாள். செருப்புச் சத்தம் கடந்து போயிற்று. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஓர் அம்மாள் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பட்டுப்புடவை, தலையில் பூ. சசிரேகா சிரித்தாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

"அம்மா, பசிக்குது."

"பொறு கண்ணு. இப்ப வந்துருவாங்க."

தாரிணி பிஸ்கட் பாக்கெட்டைத் தேடி எடுத்துக்கொண்டாள். சசிரேகா வாசலுக்கும் கூடத்துக்குமாய் நடந்தாள். கதவு சாத்தியிருப்பதால்தான் தயங்குகிறார்களோ என்று திறந்து வைத்தாள். குளிர்காற்றுதான் வந்தது. வெயில் சாய்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வீடு திரும்பின. எதிர்வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தது. அதன் பிறகு வசந்தகுமார் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்கு இறங்கினார். பரோட்டாப் பொட்டலத்தோடு திரும்பினார்.

சசிரேகா பிரித்து எடுத்து வைத்தாள். ஒரு துண்டைப் பிட்டாள். வாய்வரை போயிற்று. அதற்குமேல் முடியவில்லை. கையிலேயே அதை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இந்த ஊர்ல மனுசங்களே இல்லைங்க."

வசந்தகுமார் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு சசி" என்று மட்டும் சொன்னார்.

அன்று தொடங்கியது அந்த வீட்டில் ஒரு நிம்மதியின்மை. காஸ் வந்தது, அடுப்பு எரிந்தது, தாரிணி பள்ளிக்குப் போய் வந்தாள். சசிரேகாவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. முகாமில் காலைச் சங்கு ஊதும் வேளைக்குத் தானாய் விழிப்பு வரும். காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். இங்கே சங்கு கேட்காது. எழுந்து பெட்டிகளை நகர்த்துவாள். அலமாரியில் அடுக்கியதை எடுத்து மறுபடி பெட்டியில் வைப்பாள். மறுநாள் திரும்ப எடுப்பாள். வெள்ளை எழுத்தில் பெயரும் எண்ணும் எழுதிய அந்தக் கறுப்புப் பெட்டிகள்மேல் விரிப்புப் போட்டு சோபா மாதிரி ஆக்கியிருந்தாள். அந்தச் சோபாவில் உட்கார வீதியிலிருந்து யாரும் வரவில்லை.

ஒருநாள் பனிக்கு மேலிருந்து ஹெலிகாப்டர் சத்தம் வந்தது. யோசிக்கவேயில்லை, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். ஓடியபின்தான் தெரிந்தது. அத்தனை மாடிகளிலும் அவள் ஒருத்திதான் நிற்கிறாள். கீழே பக்கத்து வீட்டு அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அந்த அம்மாளின் பெயர் பாலாமணி என்றும், கணவர் நல்லசாமி கீழ்பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார் என்றும் அதற்குள் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன? பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளே.

அந்தச் சமயத்தில்தான் வசந்தகுமாருக்கு அந்த அழைப்பு வந்தது. நாக்பூர்ப் பக்கம் ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி. வானிலை பார்க்க அனுபவமுள்ள ஆள் வேண்டுமாம். திங்கட்கிழமை பேசுவார்களாம். சரியா இல்லையா என்று அப்போது சொல்லிவிடவேண்டுமாம்.

"குவார்ட்டர்ஸ் தர்றாங்க. எல்லாரும் ஒரே காம்பவுண்டுக்குள்ளதான்" என்றார்.

சசிரேகா தோசைக்கல்லில் இருந்து நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. "எல்லாம் நம்மள மாதிரி ஆளுகளா?"

"பாதிப் பேரு எக்ஸ் ஏர்ஃபோர்ஸாம்."

"அப்ப என்ன யோசனை? சரின்னு சொல்லீருங்க."

தாரிணி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"நான் எட்டாவது ஸ்கூலுக்குப் போகமாட்டேம்மா."

"அங்கேயும் நல்ல ஸ்கூல் இருக்கும், கண்ணு."

"சத்தியம் பண்ணுனீங்க."

"பண்ணுனேன். இப்படி ஒரு வீதின்னு தெரியாம பண்ணுனேன். மனுசன் முகம் பார்க்காம எப்படிச் சாமி இருக்கறது?"

தாரிணி அழவில்லை. அழுதிருந்தால் சசிரேகா அணைத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஹாஸ்டல்ல சேர்த்துட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

படிவரை பின்னாலேயே ஓடினாள் அம்மா. என்றாலும் சசிரேகாவின் கால்கள் நாக்பூருக்குக் கிளம்பிவிட்டிருந்தன. அன்றே பழைய பெட்டி ஒன்றைத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சுஜாதா போன் செய்தாள். "அக்கா, உங்க குவார்ட்டர்ஸ்க்கு நாளைக்கு ஆள் வருது. புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. பொண்ணு சின்னப் பொண்ணாம். ஆந்திரா."

சனிக்கிழமை சசிரேகா விடிகாலையிலேயே அடுப்பை மூட்டினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கை பரபரத்தது. எலுமிச்சைச் சாதம், தக்காளிக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அந்தப் பெண் ஆந்திரா என்பதால் காரம் சற்றுத் தூக்கலாக. அடுக்குக் கேரியரில் அடைத்து, சூடு போகாமல் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டே போனாள். பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். இவள் போய்க் கதவைத் தட்டுவாள்.

வாசல் காவலில் நின்றவன் புதியவன். இந்தியில் பாஸ் கேட்டான்.

"சார்ஜென்ட் வசந்த் மேடம்" என்றாள் சசிரேகா. அந்த மூன்று வார்த்தைக்கு எந்த முகாமிலும் கதவு திறக்கும்.

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். எந்த வசந்த், மேடம்? இங்கே அப்படி யாரும் இல்லையே?

ஓய்வு பெற்றுவிட்டார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சுஜாதாவின் பெயரைச் சொன்னாள். அவன் உள்ளே போன் போட்டான். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுஜாதா ஓடிவந்தாள்.

"அக்கா, சொல்லியிருந்தா நானே முன்னாடி சொல்லி வெச்சிருப்பேனே. வாங்க, விசிட்டர்னு எழுதிக் குடுத்தா விட்டுருவாங்க."

"விசிட்டரா?"

"இப்ப அப்படித்தானுங்க." கேரியரைப் பார்த்ததும் சுஜாதாவின் முகம் மாறியது. "அடடா. காலைல நானே பொங்கல் குடுத்துட்டேன். மத்தியானத்துக்கு மலையாளி ஊட்ல புட்டும் கடலையும் போயிருச்சு. ராத்திரிக்கு பஞ்சாபிக்கார அக்கா சொல்லீட்டாங்க."

"அந்தப் பொண்ணு அழுதாளா?"

"அழறதாவது. சிரிச்சுக்கிட்டே திங்கறா. எல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான், அக்கா."

பாராட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சசிரேகா கேரியரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் இல்லாமலும் அந்தக் கதவு தட்டப்படுகிறது. அவள் இல்லாமலும் பாத்திரம் நீள்கிறது. இடம் காலியாகவே இல்லை.

"குடுங்க, இதையும் கொண்டுபோய்க் குடுத்தர்றேன்" என்று சுஜாதா கை நீட்டினாள்.

"வேண்டாம் விடு. ஒரே நாள்ல அந்தப் புள்ள எத்தனைதான் திங்கும்."

உள்ளே போகாமலே திரும்பிவிட்டாள். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. பனி இறங்கிய தார்ச்சாலையில், தேயிலைச் சரிவுகளின் ஓரமாய், கேரியரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே நடந்தாள். உள்ளேயும் இடமில்லை, வெளியேயும் இடமில்லை. நாக்பூர், நாக்பூர் என்று ஒவ்வொரு எட்டுக்கும் மனசு சொல்லிக்கொண்டது.

வீடு பூட்டியிருந்தது. வசந்தகுமார் பிக்கட்டிக்குப் போயிருந்தார். தாரிணி எங்கே என்று பதறிப்போய்ப் பார்த்தபோது பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. பாலாமணியின் மகள் சுவாதியும் தாரிணியும் ஒரே வகுப்பு என்பது சசிரேகாவுக்கு அன்றுவரை தெரியாது. தாரிணி சொல்லவில்லை. சசிரேகா கேட்கவுமில்லை.

"எங்கம்மாவுக்கு ஒரே ஊர்ல இருக்கத் தெரியாதுங்க, பெரியம்மா" என்று தாரிணி சொல்லிக்கொண்டிருந்தாள். "அவங்கள யாரும் அப்படி இருக்க விட்டதே இல்ல. எனக்குக் கோபம் வருது. பாவமாவும் இருக்குது."

சசிரேகா படியிலேயே நின்றுவிட்டாள். பாலாமணி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"என்ன அம்மிணி, வாசல்லயே நின்னுட்டீங்க? மிலிட்டரிக்காரவங்க எங்க ஊட்டுக்குள்ள எல்லாம் வருவீங்களா என்ன?"

"நான் வரமாட்டேன்னு யாருங்க சொன்னது?" சசிரேகா ஒரு படி மேலேறினாள். "நீங்கதான் ஜன்னலைச் சாத்துனீங்க. முதல் நாள் பொழுதன்னிக்கும் உங்களத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

"எங்களயா? நல்லா இருக்குதே கதை." பாலாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "விடிகாலைல உங்க ஊட்ல லைட்டு எரிஞ்சுது. பால் பொங்குற வாசம் இங்க வரைக்கும் வந்துது. நான் தலைக்குத் தண்ணி ஊத்தி, பட்டு உடுத்தி உட்கார்ந்திருக்கறேன். இவரு கடையைத் திறக்காம உட்கார்ந்திருக்கறாரு. எதிரூட்டுக்காரவங்களும் அப்படித்தான். பால் காய்ச்சுன கையோட வீதியைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு வாய் குடுக்கோணுமல்ல? புது ஊட்டுக்கு வைக்கலாம்னு எவர்சில்வர் குடம் வாங்கி, மஞ்சள் பூசி வெச்சிருந்தேன். மத்தியானம் வரைக்கும் கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன். உங்களுக்கு எங்களைக் கண்டா ஆகலைன்னு நெனச்சுட்டோம்."

சசிரேகா பால் காய்ச்சினாள்தான். மூன்று டம்ளரில் ஊற்றி மூன்று பேரும் குடித்தார்கள். குவார்ட்டர்ஸில் அப்படித்தான் வழக்கம். பாலுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலே சோறு வரும்.

"நீங்க சோறு கொண்டு வருவீங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள் மெதுவாய். "எங்க பக்கம் புதுசா வர்றவங்களுக்கு அக்கம்பக்கத்துலதான் சோறு போடுவாங்க. அதுக்குத்தான் சமைக்காம உட்கார்ந்திருந்தேன்."

பாலாமணியின் கை வாய்க்குப் போயிற்று.

"சோறா? என்ன அம்மிணி சொல்றீங்க? பால் காய்ச்சுன ஊட்டுக்கு யாராச்சும் வெளிச்சோறு கொண்டுட்டுப் போவாங்களா? சாவு உழுந்து அடுப்பெரியாத ஊட்டுக்குத்தான் பக்கத்து ஊட்டுச் சோறு போகும். நான் சோத்துப் போசியோட உங்க வாசல்ல வந்து நின்னிருந்தா எங்க ஆத்தா என்னை வெட்டிப் போட்டிருப்பா."

ஒரு பக்கம் சோற்றுக்காகத் திறந்து வைத்த கதவு. இன்னொரு பக்கம் பாலுக்காக உடுத்திய பட்டு. நடுவில் ஒரே ஒரு சுவர். இரண்டு பக்கமும் அத்தனை மனசு புண்பட்டிருக்கிறது. யாரும் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

முதலில் சிரித்தது தாரிணிதான். அதைப் பார்த்து சுவாதி சிரித்தாள். சசிரேகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்து, படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கேரியர்ல என்ன?" என்றாள் பாலாமணி.

"சாப்பாடு. ஒருத்தருக்குக் கொண்டு போனேன். அவங்களுக்குத் தேவைப்படலை."

பாலாமணி கொடு என்று கேட்காமலே வாங்கித் திறந்தாள். குழம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "என்ன காரம் அம்மிணி இது. எனக்கு அல்சர் இருக்குது. உள்ள வாங்க, டீ வெக்கறேன்."

அன்று டீ குடித்துத் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு டம்ளர் டீயில் இத்தனை வருஷமாய் ஓடிய கால்கள் அடங்கிவிடுமா? ஞாயிறு முழுக்க சசிரேகா கூடத்துக்கும் சமையலறைக்குமாய் நடந்தாள். வெயிலில் வைத்த பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். மறுபடி வெளியே வைத்தாள். நாக்பூரில் ஒரு காம்பவுண்டு. அதற்குள் அவள் பேச்சு புரிகிற பெண்கள். அங்கே போனால் முதல் நாளே கதவு தட்டப்படும். இரண்டே வருஷத்தில் அங்கேயும் கால் அரிக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். மகளின் வார்த்தை வேறு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. கோபம் என்று மட்டும் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். பாவம் என்றும் சொன்னாளே.

திங்கட்கிழமை காலை வசந்தகுமார் போனை மேஜையில் வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தாரிணி பள்ளி உடுப்போடு நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் நகரவில்லை.

"ஏனுங்க" என்றாள் சசிரேகா. "வேண்டாம்னு சொல்லீருங்க."

வசந்தகுமார் நிமிர்ந்தார். "எனக்காகவோ இவளுக்காகவோ சொல்லாத, சசி. நாளைக்கு மறுபடி பெட்டியை இழுக்க ஆரம்பிச்சீன்னா?"

"இழுப்பேன். இழுக்கமாட்டேன்னு சொல்லலையே. இதுவும் ஒரு போஸ்டிங்னு நெனச்சுக்கறேன். ரெண்டு வருஷம். இவ ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும். அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம்?" என்றாள் தாரிணி.

"அப்புறத்தை அப்புறம் கேளு. ஒரே நாள்ல எல்லாத்தையும் கேக்காத, எனக்கு மூச்சு முட்டுது."

தாரிணி அம்மாவைப் பார்த்தாள். ஒருமுறை இறுகக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

போன் அடித்தது. வசந்தகுமார் இந்தியில் பேசத் தொடங்கினார். மன்னிக்கவேண்டும் என்ற வார்த்தை காதில் விழுந்தது. அதற்குமேல் சசிரேகாவால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கினாள். எங்கே போவது என்று தெரியாமல் கல்லுக்குழி வீதியின் முனைவரை வேகமாய் நடந்தாள். முனையில் இருந்து பார்த்தால் மேலே முகாம் இருக்கும் மலை தெரியும். இப்போது மூடியிருந்தது. அங்கேயே நின்றாள். திரும்பி நடந்தாள். மறுபடி முனைவரை போனாள்.

எதிர்வீட்டுக்காரி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றை நிறுத்தி, முதல் தடவையாக அவளிடம் பேசினாள்.

"இந்நேரத்துல எங்கீங்க கிளம்பீட்டீங்க?"

சசிரேகாவுக்கு மூச்சு வாங்கியது.

"எங்கயும் இல்லீங்க" என்றாள்.